பன்றி என்று எழுதினால் போதுமா?



இன்று பாடம் கிடையாது. பேச்சு மட்டும்தான். சிலேட்டைக் கீழே வைத்துவிடுங்கள். பேச்சு முடியும்போது மறுபடி எடுக்கலாம்.

போன வாரம் 'ப' எழுத்து படித்தோம். பலகையில் நான்கு சொற்கள் எழுதினேன். பல், பால், பழம், பன்றி. கடைசிச் சொல்லைப் படித்ததும் எல்லோரும் சிரித்தீர்கள். "வேற நல்ல பேரே கிடைக்கலையா, தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நானும் சிரித்துவிட்டேன்.

பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். "தம்பி, இந்த ஒரு சொல்லாலதான் எங்க மனு திரும்பி வந்துச்சு" என்றார். என்ன நடந்தது என்று கேட்டேன். சொன்னார். அதை உங்களுக்கும் சொல்லலாமா என்று கேட்டேன். "பேரு மட்டும் சொல்லாதே" என்றார்.

அவருக்குச் சொந்த ஊர் தருமபுரி மாவட்டம். மலை அடிவாரம். 2 ஏக்கர் மானாவாரி நிலம். நிலக்கடலை போட்டிருந்தார்கள். காய் முற்றும் நேரம். ஓர் இரவு காட்டுப்பன்றிக் கூட்டம் உள்ளே புகுந்தது. காலையில் போய்ப் பார்த்தால் பாதி நிலம் உழுதுபோட்டது போலக் கிடந்தது. கொடி ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். காய் ஒன்றுகூட இல்லை.

பக்கத்து வீட்டுப் பையனை வைத்து மனு எழுதினார்கள். "எங்கள் காட்டில் பன்றிகள் புகுந்து கடலையைத் தின்றுவிட்டன" என்று எழுதினான் பையன். ஓர் அலுவலகத்தில் கொடுத்தார்கள். அங்கே இருந்தவர் வேறு மாவட்டத்துக்காரர். மனுவைப் படித்துவிட்டுக் கேட்டார். "காட்டில் பன்றி இருக்காமல் வேறு எங்கே இருக்கும்? காட்டுக்குள் யார் கடலை போடச் சொன்னது? அது யார் வளர்த்த பன்றி? வளர்த்தவரிடம் போய்க் கேளுங்கள்." மனு திரும்பி வந்தது. அந்த வருடம்தான் குடும்பத்தோடு புனேவுக்குக் கட்டட வேலைக்கு வந்தார்களாம்.

எங்கே தவறு? இதை நான் இரண்டு நாள் யோசித்தேன்.

தருமபுரி, சேலம், ஈரோடு பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அங்கே காடு என்றால் மானாவாரி நிலம். "காட்டுக்குப் போறேன்" என்றால் வேலைக்கு, வயலுக்குப் போகிறேன் என்று பொருள். தஞ்சாவூர் பக்கத்தில் காடு என்றால் மரம் அடர்ந்த காடுதான். ஒரே சொல். ஊருக்கு ஊர் பொருள் வேறு. எழுதிய பையன் ஒன்றை நினைத்தான். படித்த அலுவலர் வேறு ஒன்றை நினைத்தார். 'பன்றி' என்று மட்டும் எழுதியதால் அது வீட்டுப்பன்றியா காட்டுப்பன்றியா என்றும் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மராத்தியிலும் இதே கதைதான். இங்கே பன்றிக்குப் பெயர் டுக்கர். நாலா ஓரத்தில் திரிகிறதே, அது டுக்கர். காட்டுப்பன்றிக்கு ரான்டுக்கர். ரான் என்றால் காடு. ஆனால் கிராமத்து மராத்தியில் வயலையும் ரான் என்பார்கள். ரானுக்குப் போகிறேன் என்று மராத்திக்காரர் சொன்னால் அநேகமாக வயலுக்குத்தான் போகிறார். நம் தருமபுரிக்காரர் பேச்சும் இந்தக் கிராமத்துக்காரர் பேச்சும் இந்த ஒரு சொல்லில் கைகோத்து நிற்கின்றன.

சரி, காட்டுப்பன்றி எப்படி இருக்கும்? பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுப்பன்றி இதன் வாரிசுதான். ஏறத்தாழ 9,000, 10,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் காட்டுப்பன்றியைப் பிடித்துப் பழக்கினார்கள். துருக்கி நாட்டுப் பக்கம் ஓர் இடத்தில், சீனாவில் வேறு ஓர் இடத்தில். அப்படி வந்ததுதான் வீட்டுப்பன்றி. காட்டுப்பன்றிக்கு உடம்பு ஒடுக்கம். முன்பக்கம் உயரம், பின்பக்கம் தாழ்வு. நம் நாட்டுக் காட்டுப்பன்றிக்குக் கழுத்திலிருந்து முதுகு வரை நீண்ட முடி உண்டு. கோபம் வந்தால் அந்த முடி சிலிர்த்து நிற்கும். ஆண் பன்றிக்குக் கோரைப்பல் வாய்க்கு வெளியே வளைந்து வரும். அந்தப் பல் கத்தி மாதிரி. நன்கு வளர்ந்த ஆண் 100 கிலோவுக்கு மேலும் இருக்கும். குட்டிகளின் உடம்பில் நீளவாக்கில் கோடு இருக்கும். அணிலைப் பெரிதாக்கியது போல அழகாக இருக்கும். வளர வளரக் கோடு மறைந்துவிடும்.

அதன் மூக்கு ஒரு மண்வெட்டி. மோப்பமும் அந்த மூக்கில்தான். மண்ணுக்கு அடியில் கிழங்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும். கிழங்கு, வேர், புழு, விழுந்த பழம், கடலை, மக்காச்சோளம், நெல், கரும்பு. எது கிடைத்தாலும் தின்னும். சேற்றில் புரள்வதைப் பார்த்து அழுக்கு விலங்கு என்கிறோம். அதற்கு உடம்பு முழுக்க வியர்க்காது. சூடு தணிய வேறு வழி இல்லை. சேறுதான் அதற்கு விசிறி.

புனே மாவட்டத்துக்கு மேற்கே சகியாத்திரி மலை. அங்கே பீமாசங்கர் சரணாலயம் இருக்கிறது. 1985-இல் அறிவித்தது. அந்தக் காட்டில் இது உண்டு. காட்டில் இருக்கும்வரை யாருக்கும் தொல்லை இல்லை. மண்ணைக் கிளறிவிடும். சிறுத்தைக்கு இரையாகும். கரும்பு வயலுக்கு வந்த பிறகுதான் சண்டை தொடங்குகிறது. கரும்பு வயல் அதற்கு ஒரு காடுதான். நிழல் உண்டு, ஈரம் உண்டு, சாப்பாடும் உண்டு. ஒரு தடவைக்கு நான்கு, ஐந்து, அதற்கு மேலும் குட்டி போடும். பிறகு கேட்க வேண்டுமா?

இனிப் பெயருக்கு வருவோம்.

நம் கட்டட வேலையில் தெலுங்குக்காரர், கன்னடக்காரர், மலையாளத்துக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்களிடம் பன்றிக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். தெலுங்குக்காரர் பந்தி என்பார். மலையாளத்தில் பன்னி. நாமும் பேச்சில் பன்னி என்றுதானே சொல்கிறோம்? கன்னடக்காரர் ஹந்தி என்பார். கன்னடத்தில் பழைய 'ப' பல சொற்களில் 'ஹ' ஆகிவிட்டது. பால் அங்கே ஹாலு. பல் அங்கே ஹல்லு. பலகையில் நான் எழுதிய பல், பால், பன்றி மூன்றும் அங்கே ஹல்லு, ஹாலு, ஹந்தி. ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

பழைய தமிழில் இதற்குப் பெயர் நிறைய. கேழல் என்றார்கள். ஏனம் என்றார்கள். வராகம் என்பது வடமொழியிலிருந்து வந்தது. தொல்காப்பியம் என்ற பழைய இலக்கண நூலில் விலங்குகளின் ஆண், பெண், குட்டிப் பெயர்களைச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. பெண் பன்றிக்குப் பிணவு. குட்டிக்குக் குருளை. ஆண் பன்றியைக் களிறு என்றும் சொல்லலாமாம். இன்று களிறு என்றால் யானைதான் நினைவுக்கு வரும். அன்று பன்றிக்கும் அந்த மரியாதை இருந்திருக்கிறது. நாம்தான் அந்தப் பெயரை ஆளைத் திட்டுவதற்கு வைத்துக்கொண்டோம். மராத்தியிலும் டுக்கர் என்றால் வசவுதான்.

காசுக்கும் அதன் பெயர் இருந்தது. பாட்டி கதைகளில் வராகன் என்று கேட்டிருப்பீர்கள். அது தங்கக் காசு. சாளுக்கிய அரசர்களின் சின்னம் பன்றி. காசில் பன்றி உருவம் இருந்தது. அதனால் வராகன். பெரியகுளம் வழியாக ஓடும் ஆற்றின் பெயர் வராகநதி. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு மலைக்கே பன்றிமலை என்று பெயர். மாமல்லபுரத்தில் வராக குகை இருக்கிறது. கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகருக்குக் கோயில் இருக்கிறது. இத்தனையும் இருந்தும் பலகையில் எழுதினால் சிரிப்பு வருகிறது.

பன்றி என்று பெயர் இருந்தும் பன்றியாக இல்லாதவையும் உண்டு. முள்ளம்பன்றி, பன்றி இல்லை. அது எலி, அணில் கூட்டத்தைச் சேர்ந்தது. கொறித்துத் தின்னும். மராத்தியில் அதற்கு சாளிந்தர் என்று தனிப்பெயர் இருக்கிறது. பன்றி என்ற சொல் அதில் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மராத்திக்காரர் நம்மை விடச் சரியாகப் பெயர் வைத்தார் என்பேன். கினிப்பன்றியும் அப்படித்தான். அது கினி நாட்டிலிருந்தும் வரவில்லை, பன்றியும் இல்லை. தென் அமெரிக்காவின் சின்னக் கொறி விலங்கு.

தென் அமெரிக்கா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பன்றியைப் போலவே ஒரு விலங்கு இருக்கிறது. பெயர் பெக்காரி. நேரில் பார்த்தால் நீங்களும் நானும் காட்டுப்பன்றி என்றுதான் சொல்வோம். ஆனால் அது வேறு குடும்பம். நம் காட்டுப்பன்றியின் மேல் கோரைப்பல் மேலே வளையும். பெக்காரியின் பல் நேராகக் கீழே இறங்கும். நம்முடையது நிறையக் குட்டி போடும். அது பெரும்பாலும் இரண்டுதான். அதன் முதுகில் நாற்றம் வரும் சுரப்பி ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் பார்த்த ஐரோப்பியர்கள் சிலர், இந்த விலங்குக்கு முதுகில் தொப்புள் இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டார்கள்! படித்தவர்கள் எழுதியதுதான்.

பெக்காரி என்பது கரீப் என்ற அந்த மண்ணின் மக்கள் மொழியிலிருந்து வந்த பெயர். ஸ்பெயின் நாட்டுக்காரர்கள் தங்கள் ஊர்க் காட்டுப்பன்றியின் பெயரை ஒட்டி வேறு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அவர்களுக்கு அரபு மொழியிலிருந்து வந்தது. அரபியில் அதற்கு மலையைச் சேர்ந்தது என்று பொருள். நம் ஊரில் மலைக்குப் பன்றியின் பெயர். அங்கே பன்றிக்கு மலையின் பெயர்.

பெக்காரியில் மூன்று வகை. மூன்றாவது வகையின் கதையைக் கேளுங்கள். 1930-இல் அர்ஜென்டினா நாட்டில் பழைய எலும்புகளைப் பார்த்து விஞ்ஞானி ஒருவர் அதற்குப் பெயர் வைத்தார். அது எப்போதோ அழிந்துபோன விலங்கு என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1970-களில் பக்கத்து நாடான பராகுவேயில் அது உயிரோடு திரிவதை விஞ்ஞானிகள் கண்டார்கள். 1975-இல் உலகத்துக்குச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பகுதி மக்களுக்கு அது புதிது இல்லை. அவர்கள் அதைத் தாகுவா என்று பெயர் சொல்லி அழைத்து வந்தார்கள். பெயர் அவர்கள் வாயில் இருந்தது. புத்தகத்தில்தான் இல்லை.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. அசாமில் ஒரு குட்டைப் பன்றி உண்டு. உலகத்திலேயே மிகச் சிறிய காட்டுப்பன்றி அதுதான். உயரம் 25 சென்டிமீட்டர் அளவு. நம் சிலேட்டை நிறுத்தி வைத்தால் எவ்வளவு உயரமோ, அவ்வளவுதான். அசாம் மக்கள் அதை நாணல் பன்றி என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். உயரமான புல்லுக்குள் இருப்பதால் அந்தப் பெயர். அதுவும் அழிந்துவிட்டது என்று கருதினார்கள். 1971-இல் புல்வெளியில் தீப்பிடித்தது. தப்பி ஓடிவந்த சில பன்றிகள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் அகப்பட்டன. 1996-இல் மானஸ் காட்டில் சில பன்றிகளைப் பிடித்து குவஹாத்தியில் வளர்க்கத் தொடங்கினார்கள். அங்கே பெருகியவற்றை 2008 முதல் மறுபடி காடுகளில் விட்டு வருகிறார்கள். பெயர் தெரிந்த மக்கள் அங்கே இருந்தார்கள். நாணல் பன்றி என்ற பெயரிலேயே அதை எங்கே தேட வேண்டும் என்ற விவரமும் இருந்தது.

ஊருக்கு ஒரு பெயர் இருந்தால் குழப்பம் வரும் அல்லவா? அதனால் விஞ்ஞானிகள் உலகம் முழுவதுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் என்பவர் 1758-இல் காட்டுப்பன்றிக்கு வைத்த பெயர் சஸ் ஸ்குரோஃபா. இலத்தீன் மொழியில் முதல் சொல்லுக்குப் பன்றி என்று பொருள். இரண்டாவது சொல்லுக்குக் குட்டி போடும் பெண் பன்றி என்று பொருள். இதை நாம் மனுவில் எழுத வேண்டாம். தெரிந்துகொள்ளச் சொன்னேன்.

சட்டத்திலும் பெயர்தான் பேசும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் காட்டுப்பன்றி இருக்கிறது. நம் இஷ்டத்துக்குக் கொல்லக் கூடாது. அதே சட்டத்தில், ஒரு விலங்கைத் தீங்கு செய்யும் விலங்கு என்று சில காலத்துக்கு மத்திய அரசு அறிவிக்கவும் இடம் உண்டு. 2015-இல் பீகாரில் சில மாவட்டங்களுக்கும், 2016-இல் உத்தராகண்டில் சில மாவட்டங்களுக்கும் அப்படி அறிவித்தார்கள். 2022-இல் கேரளம் வேறு வழி கண்டது. பஞ்சாயத்துத் தலைவர்கள் உத்தரவு கொடுத்தால், உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர் சுடலாம். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு கணக்குச் சொன்னது. காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் என்றால் தொடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் வனத்துறையினர் பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது வனத்துறை. நாம் இல்லை.

மனு திரும்பி வந்தால் சிலர் வேறு வழியில் இறங்கிவிடுகிறார்கள். மின்கம்பத்திலிருந்து கொக்கி போட்டு வேலிக் கம்பியில் கரண்ட் விடுகிறார்கள். அந்தக் கம்பிக்குப் பெயர் படிக்கத் தெரியாது. பன்றி, மாடு, மனிதன் எல்லாம் அதற்கு ஒன்றுதான். அந்த அக்காவின் மாவட்டத்திலேயே, மாரண்டஅள்ளி அருகே, 2023 மார்ச்சில் மூன்று யானைகள் இப்படிச் செத்தன. பன்றிக்காக வைத்த கம்பி அது. இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. கம்பி வைத்த விவசாயி கைதானார். தன் பயிரைக் காக்கத்தான் நினைத்தார். பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயும் அப்படித்தான். அதைக் கையில் எடுத்த பிள்ளைக்கு விரல் போகும், மேய வந்த மாட்டுக்கு வாய் கிழியும்.

என் கருத்தைச் சொல்கிறேன். கம்பியை விட மனு மெதுவானதுதான். எரிச்சல் வரும். நடையாய் நடக்க வேண்டும். ஆனாலும் மனு யாரையும் கொல்லாது. அதைத் திருப்பிக் கொடுக்க முடியாதபடி எழுத வேண்டும். அவ்வளவுதான்.

மகாராஷ்டிராவில் ரான்டுக்கர் பயிரை அழித்தால் வனத்துறை நஷ்ட ஈடு கொடுக்கிறது. டுக்கர் அழித்தால் கிடையாது. இங்கே குத்தகைக்குக் காய்கறி போடும் அண்ணன்கள் இரண்டு பேர் நம் வகுப்பில் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன். சேதம் ஆனால் தள்ளிப் போடாதீர்கள். 3 நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும். சேதமான இடத்தை அதிகாரி பார்த்துப் பஞ்சநாமா எழுதும் வரை உழுதுவிடாதீர்கள். கால்தடம் இருந்தால் அழிக்காதீர்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று சாத்-பாரா காகிதத்தில் இருக்கும். நிலத்துக்காரரிடம் கேட்டு அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். தமிழ்நாட்டில் நிலம் இருப்பவர்கள் பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் எடுத்து வையுங்கள்.

இப்போது சிலேட்டை எடுங்கள். அந்த அக்காவின் மனுவை நாம் எல்லோரும் சேர்ந்து மறுபடி எழுதுவோம். பழைய வரி இது: "எங்கள் காட்டில் பன்றிகள் புகுந்து கடலையைத் தின்றுவிட்டன." எதை மாற்றலாம்?

காட்டில் என்பதை எடுத்துவிடுவோம். 'பட்டா நிலத்தில்' என்று போடுவோம். சர்வே எண் போடுவோம். பன்றி என்பதைக் 'காட்டுப்பன்றி' ஆக்குவோம். எந்தத் தேதி இரவு, எத்தனை ஏக்கர் என்று சேர்ப்போம். வரி இப்படி வரும்: "எங்கள் பட்டா நிலத்தில் இந்தத் தேதி இரவு காட்டுப்பன்றிகள் புகுந்து 1 ஏக்கர் நிலக்கடலைப் பயிரை அழித்துவிட்டன."

காட்டுப்பன்றி. ஏழு எழுத்து இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். நடுவில் இரண்டு இடத்தில் புள்ளி வைத்த எழுத்து சேர்ந்து வரும். 'ட்டு', 'ப்ப'. புள்ளியை விட்டுவிடாதீர்கள். அவசரம் இல்லை. முடித்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுங்கள்.

அந்த அக்கா முதல் வரியை முடித்துவிட்டார். பழைய மனுவை ஊரிலிருந்து தம்பியிடம் சொல்லி அனுப்பச் சொல்லியிருக்கிறாராம். அடுத்த புதன்கிழமை அது வந்துவிட்டால் அதையே படிப்போம்.